தோலுக்குள் ஒரு முறுக்கு

திண்டுக்கல்லில் பதனிட்ட ஆட்டுத்தோலைத் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் மெல்லிய சொரசொரப்பு. இழுத்தால் சற்றே விட்டுக்கொடுக்கும், எளிதில் கிழியாது. அந்த உறுதி கொலாஜன் என்ற புரதத்தின் கொடை. முப்புரிக் கயிறு போன்றது அது: மூன்று சங்கிலிகளும் தனித்தனியே இடப்புறமாகச் சுழன்று, ஒன்றோடொன்று வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கிறது. அமினோ அமிலங்களில் அதுவே மிகச் சிறியது. இழைகள் நெருங்கி அணைய அந்தச் சிறுமையே இடம் தருகிறது.

இந்த மூன்று சங்கிலி அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்கான கொலாஜனாக அவர்களுக்குக் கங்காரு வால் தசைநாண் கிடைத்தது, பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. அதன் எக்ஸ்-கதிர் படத்தின் மங்கலான கறைகளைப் படித்து, அவற்றுக்குப் பொருந்தும் மாதிரியைக் கட்டுவதற்குக் கூர்ந்த கண்ணும் நிதானமான கையும் வேண்டும். முதலில் இணையாக நின்ற இழைகளை அடுத்த ஆண்டே ஒன்றோடொன்று முறுக்கித் தங்கள் மாதிரியைத் தாங்களே திருத்தினார்கள். அந்த நேர்மையும் கைத்திறனில் சேர்த்திதான். எந்த அணு எதை எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி தொடர்ந்தது. 1963-இல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவருடன் ராமச்சந்திரன் வெளியிட்ட, புரதச் சங்கிலியின் திருப்பக் கோணங்களுக்கான வரைபடம் அதிலிருந்து பிறந்தது. புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்களை உலகெங்கும் இன்றும் இந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கிறார்கள்.