ஆறும் ஒரே வரிசையில்!

காரின் பின்புறத்தில் 'வி-6' என்னும் எழுத்துகளைக் கண்டதும், அதுதான் உயர்ந்த எஞ்சின் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆறு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்திய எஞ்சினைப் பல கார்களிலிருந்து 'வி' எஞ்சின் விரட்டியது உண்மையே. ஆனால் அது வென்றது இடச் சிக்கனத்தில்தான். ஓட்டத்தின் சிறப்பில் அன்று.

காரணத்தைப் பார்ப்போம். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் எஞ்சினை உலுக்குகிறது. கிராங்க் ஷாப்ட் ஒருமுறை சுற்றும்போது ஒருமுறை தோன்றும் உலுக்கல் ஒன்று. பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியை விரைவாகவும் கீழ்ப்பாதியை மெதுவாகவும் கடக்கிறது. இதனால் சுற்றுக்கு இருமுறை தோன்றும் உலுக்கல் மற்றொன்று. நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சினில் முதலாவது அடங்கிவிடும், இரண்டாவது அடங்காது. ஆறு சிலிண்டர் வரிசையிலோ 1-6, 2-5, 3-4 எனப் பிஸ்டன்கள் இணை இணையாக ஏறி இறங்குகின்றன. இணைகளுக்கிடையே 120 பாகை. எனவே இரு உலுக்கல்களுமே ஒன்றையொன்று ஈடுசெய்து மறைகின்றன. முன்பாதி பின்பாதியின் கண்ணாடிப் பிம்பமாக இருப்பதால், முனைக்கு முனை ஆடும் ஆட்டமும் இல்லை. இவ்வளவும் அமைப்பாலேயே கிடைக்கிறது, செலவில்லாமல்!

வி-6 என்பது மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டின் சேர்க்கை. மூன்று சிலிண்டர் வரிசைக்கு அந்த முனையாட்டம் பிறவிக் குணம். மெர்சிடிஸ்-பென்ஸ் 1997இல் பெட்ரோல் கார்களுக்குக் கொண்டுவந்த 90 பாகை வி-6இல் இதை அடக்கவே தனியாக ஒரு சமநிலைத் தண்டைச் சுழலவிட வேண்டியிருந்தது. போதாததற்கு, வி எஞ்சினுக்குச் சிலிண்டர் ஹெட்டும் இரண்டு.

வரிசை எஞ்சினின் குறை நீளம். நீண்ட கிராங்க் ஷாப்ட் முறுக்கதிர்வுக்கு ஆளாகும். முன்சக்கர ஓட்டக் கார்களில் பெரும்பாலும் எஞ்சினைக் குறுக்காக வைக்கிறார்கள். அங்கே குட்டையான வி-6 எளிதாக அடங்கும். (வால்வோ 1998இல் எஸ்-80 காரில் வரிசை ஆறையே குறுக்காக வைத்துக் காட்டியது. துணிச்சல்தான்!)

பி.எம்.டபிள்யூ வரிசை ஆறை விடவேயில்லை. பென்ஸ் 2017இல் அதற்கே திரும்பியது. ஜாகுவார் லேண்ட் ரோவர் 2019இலும், மாஸ்டா 2022இலும் தொடர்ந்தன. டர்போ இதற்கு ஒரு காரணம். புகைவாய்கள் எல்லாம் ஒரே பக்கம் இருப்பதால் டர்போவைப் பொருத்துவது எளிது. மற்றொன்று கணக்கர் சொன்ன காரணமாக இருக்க வேண்டும்: நான்கு சிலிண்டர் எஞ்சினின் பாகங்கள் பலவற்றை இதற்கும் பயன்படுத்தலாம். நீளத்துக்கும் பென்ஸ் வழி கண்டது: தண்ணீர்ப் பம்பையும் குளிர்சாதனக் கம்ப்ரசரையும் மின்சாரத்தால் இயக்கி, எஞ்சினின் முன்முனையில் ஓடும் பெல்ட்டையே நீக்கிவிட்டது.