மௌனமும் பாடமும்: இராதாகிருஷ்ணன் குழுவின் சமயக் கல்விப் பரிந்துரையும் திருப்பதிப் பயிற்று மரபும்

இந்திய அரசு 1948இல் அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் பணியாற்றி 1949இல் தன் அறிக்கையை அளித்தது. தேர்வு முறை, ஆசிரியர் ஊதியம், பயிற்றுமொழி ஆகியவை பற்றிய அதன் கருத்துகள் பலராலும் ஆராயப்பட்டுள்ளன. சமயக் கல்வி பற்றிய இயல் அந்த அளவிற்கு நோக்கப்படவில்லை. கல்வி நிறுவனங்கள் அனைத்தும் நாள்தோறும் சில நிமிட மௌன தியானத்துடன் பணியைத் தொடங்க வேண்டும். பட்ட வகுப்பின் முதலாண்டில் புத்தர், சாக்ரடீசு, ஏசு, சங்கரர், இராமாநுசர், மத்துவர், நபிகள், கபீர், நானக் முதலிய சமயச் சான்றோர் வாழ்க்கையும், இரண்டாமாண்டில் உலகச் சமய நூல்களிலிருந்து பொதுமை நோக்குடைய பகுதிகளும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் மையச் சிக்கல்களும் கற்பிக்கப்பட வேண்டும் என்பன அவ்வியலின் பரிந்துரைகள்.

அகப்பயிற்சியும் சமயத்தைப் பற்றிய கல்வியும் பல்கலைக்கழகத்தில் ஒருங்கே இடம்பெற வேண்டும் என்று விடுதலை பெற்ற இந்தியாவில் அரசுக் குழுவொன்று கூறியது என்ற வகையில் இப்பரிந்துரை சிறப்புடையது. ஆயினும் அது இரண்டையும் அருகருகே வைத்ததேயன்றி இணைக்கவில்லை. காலை மௌனம் எந்தப் பாடத்திற்கும் உரியதன்று. இயற்பியல் மாணவனுக்கும் வணிகவியல் மாணவனுக்கும் அது ஒன்றே. மூன்றாண்டுப் பாடத்திட்டம் அந்த மௌனத்தை ஓரிடத்தும் பயன்கொள்வதில்லை. மௌனத்தில் அமர்ந்தவன் நூலை வேறுவிதமாகக் கற்பானா, நூலைக் கற்றவன் வேறுவிதமாக அமர்வானா என்னும் வினாக்கள் அறிக்கையில் எழவே இல்லை.

இதற்கு அக்காலச் சூழல் ஒரு காரணம் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. நாட்டுப் பிரிவினையின் குருதி உலராத காலம் அது. முழுதும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்பதும், அரசு ஏற்பு அல்லது உதவி பெறும் நிறுவனத்தில் எவரையும் அவர் இசைவின்றிச் சமயப் போதனைக்கோ வழிபாட்டிற்கோ உட்படுத்தலாகாது என்பதும் அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பில் இடம்பெற்றன. பொருளற்ற மௌனம் எச்சமயத்தாரையும் புண்படுத்தாது. ஆதலின் குழு அதனைத் தேர்ந்தது. 1959இல் அமைக்கப்பட்ட ஸ்ரீபிரகாசா குழுவும் மௌன தியானத்தையே மீண்டும் பரிந்துரைத்தது. ஒரு சமயத்தைப் பற்றிக் கற்பது போதனையாகாது என்பதை நீதிமன்றமும் பின்னர்த் தெளிவுபடுத்தியது. அமிர்தசரசில் அமைந்த குரு நானக் பல்கலைக்கழகம் தொடர்பான 1971ஆம் ஆண்டு வழக்கில், நானக்கின் வாழ்வையும் கருத்தையும் கல்வி நோக்கில் ஆராய்வது வேறு, சமயப் போதனை வேறு என உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

மற்றொரு காரணம் குழுத் தலைவரின் தத்துவத்திலேயே உள்ளது. அன்று வட ஆர்க்காட்டிலும் 1911க்குப்பின் சித்தூர் மாவட்டத்திலும் இருந்த திருத்தணியில் பிறந்து, திருப்பதியிலிருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில் சிறுவனாகப் பயின்றவர் இராதாகிருஷ்ணன். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், இந்து சமயத்தின்மீது கிறித்தவ ஆசிரியர்கள் வைத்த திறனாய்வே தம்மை வேதாந்த ஆய்விற்குத் தூண்டியது என அவரே குறித்துள்ளார். அவ்வினாக்களுக்கு அவர் கண்ட விடை, எல்லாச் சமயங்களுக்கும் அடிப்படை ஓர் உள்ளுணர்வு அனுபவமே என்பது. 1929ஆம் ஆண்டு ஹிப்பர்ட் சொற்பொழிவுகளில் இக்கருத்து விரிவு பெற்றது. அனுபவத்திற்கு இத்துணை முதன்மை அளித்தவர், அதற்கு ஆளாக்கும் பயிற்சியின் நுட்பங்களைக் குறைவாகவே பேசினார். அனுபவத்தைச் சமயத்தின் அடித்தளமாக நிறுவும் இப்போக்குப் பெரிதும் நவீன காலத்தது என்று வில்ஹெல்ம் ஹால்ப்ஃபாஸ் எடுத்துக்காட்டியிருப்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. பயிற்சி நீங்கிய அனுபவம், நூல் நீங்கிய மௌனமாகக் குழு அறிக்கையில் வடிவெடுத்தது எனலாம்.

ஆனால் இராதாகிருஷ்ணன் சிறுவனாகப் படித்த அதே திருப்பதி, பயிற்சியும் கல்வியும் பிரியாத வேறொரு முறையை அறிந்திருந்தது. இராமாநுசர் மலையடிவாரத்தில் ஓராண்டு தங்கித் திருமலை நம்பியிடம் இராமாயணப் பொருள் கேட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். இது வரலாறாயினும் மரபுவழிச் செய்தியாயினும், கற்றலைப் பற்றி அம்மரபு கொண்டிருந்த எண்ணத்தை அது காட்டுகிறது. குழுவின் திட்டப்படி இராமாநுசர் வாழ்க்கை முதலாண்டுப் பாடம். அவர் கற்ற முறைக்கோ எந்த ஆண்டிலும் இடமில்லை.

அம்முறையின் உறுப்புகளை வைணவர் இன்றும் தனிப்பெயர்களால் வழங்குகின்றனர். ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை சொல்லிப் பாசுரத்தை நெஞ்சில் ஏற்றுவது சந்தை. ஏற்றதை நாள்தோறும் ஓதி உள்ளத்தில் நிறுத்துவது அநுசந்தானம். ஆசிரியர் முன் அமர்ந்து உரைநூலை வரிவரியாகக் கேட்பது காலட்சேபம். வேதாந்திகள் கூறும் கேட்டல், சிந்தித்தல், நிட்டை கூடல் என்பவற்றோடு இவை முற்றும் ஒத்தவையல்ல. எனினும் நூலும் நெஞ்சும் ஒன்றையொன்று திருத்தும் ஏற்பாடு இரண்டிலும் உண்டு. சந்தையில் ஓர் அசை பிறழ்ந்தால் ஆசிரியர் நிறுத்துவார். காலட்சேபத்தில் பொருள் பிறழ்ந்தால் உரை மறுக்கும். குழு விதித்த மௌனத்தில் ஒருவன் பிழை செய்யவே இயலாது. ஆகவே அதில் அவன் தேர்ச்சி பெறவும் வழியில்லை.

திருவாய்மொழியின் ஆறாம் பத்துப் பத்தாம் திருவாய்மொழியை எடுத்துக்கொள்ளலாம். திருவேங்கடமுடையானிடம் நம்மாழ்வார் அடைக்கலம் புகும் பகுதி அது. உரையாசிரியர்கள் இதனைச் சரணாகதியின் உச்சமாகக் கொள்வர். பொதுமை நோக்குடைய பகுதிகளைத் தொகுப்பவர் இதன் பத்தாம் பாசுரத்தை மட்டும் எடுத்துச் 'சரணாகதிக் கோட்பாடு' எனத் தலைப்பிட்டு முடிப்பார். ஓதுபவர் அவ்வாறு செய்ய இயலாது. திருவாய்மொழி முழுதும் அந்தாதி. ஒரு பாசுரத்தின் இறுதி அடுத்ததைத் தொடங்கி வைப்பதால் நாக்கு இடையில் நிற்க விரும்பாது. திருவடியைக் குறிக்கும் சொற்கள் மீண்டும் மீண்டும் வந்து, அவ்வடியைச் சேர்வது எப்போது என்னும் வினாவின் தவிப்பு ஏறிக்கொண்டே செல்வதை ஓதுபவரின் செவி உணரும். பத்தாம் பாசுரத்தின் அடைக்கலம் அத்தவிப்பு தேடிக்கொண்ட முடிவு. அதைத் தனியே பிரித்தால் கோட்பாடு எஞ்சும், கவிதை எஞ்சாது. இவ்வகையில் ஓதுதல் பக்தியின் புறச்செயலாக மட்டும் நின்றுவிடாமல், யாப்பமைதியைக் கண்டறியும் ஆய்வுக் கருவியாகவும் அமைகிறது. நம்பிள்ளையின் சொற்பொழிவுகளே வடக்குத் திருவீதிப் பிள்ளையால் ஏடுபடுத்தப்பட்டு ஈட்டுரையாயின என்பதும் கருதத்தக்கது. தமிழ்த்துறைகள் இன்று மேற்கோள் காட்டும் அவ்வுரை காலட்சேபத்தில் பிறந்தது.

இதனால் ஓதுபவர்க்கே எல்லாம் தெரியும் என்று கொள்ளுதல் தவறு. திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி அளித்த சாமவையின் கல்வெட்டு எந்த நூற்றாண்டினது என்பதை அநுசந்தானம் முடிவு செய்யாது. எழுத்தமைதியை ஆராய்வோரே முடிவு செய்ய வேண்டும். சாது சுப்பிரமணிய சாஸ்திரி 1930இல் வெளியிட்ட அறிக்கையும், தேவஸ்தானம் தொடர்ந்து பதிப்பித்த ஆறு கல்வெட்டுத் தொகுதிகளும் அத்தகைய உழைப்பின் பயன்கள். கோயிலைச் சார்ந்தோரே கோயில் வரலாற்றைச் சான்று கொண்டு சோதித்த அம்முயற்சி, நம்பிக்கையும் ஆய்வும் ஓரிடத்தில் இயங்கவல்லவை என்பதற்கு இவ்வூரே தரும் மற்றொரு சான்று.

நிறுவன அளவில் திருப்பதி வளமுடையது. 1954இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தோன்றிற்று. வடமொழி வித்தியாபீடத்திற்கு 1962இல் அடிக்கல் நாட்டியவர் இராதாகிருஷ்ணனே; அது 2020இல் தேசிய சமற்கிருதப் பல்கலைக்கழகமாயிற்று. வேதப் பல்கலைக்கழகம் 2006இல் நிறுவப்பெற்றது. அதில் வேதம் ஓதும் அத்தியயனமும் பொருளாராயும் பாஷியமும் வெவ்வேறு பிரிவுகளாக உள்ளன. ஓதுதலைப் பல்கலைக்கழகக் கல்வியாக ஏற்றது பெருந்துணிவு. ஆயினும் பிரிவு எஞ்சியே நிற்கிறது. அருகிலிருத்தலை இணைப்பென்று கொள்ளும் பழைய மயக்கம் இங்கும் எளிதில் நேரக்கூடும்.

பழைய சித்தூர் மாவட்டத்தின் மற்றொரு மூலையான மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி நூலையும் குருவையும் ஒருங்கே விலக்கினார். அவர் வழி வந்த ரிஷிவேலிப் பள்ளியில் மாணவர் மாலையில் அமைதியாக அமர்ந்து கதிரவன் மறைவதைக் காண்பது வழக்கம். அதற்குச் சமயப் பாடம் எதுவும் துணையில்லை. அவர் நோக்கில் துணை தேவையுமில்லை. அது பள்ளி அளவிலான முயற்சியாதலின் ஈண்டு மேலும் விரிக்க வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய நரோப்பா நிறுவனமும், பிரவுன் பல்கலைக்கழகத்தின் அகப்பயிற்சி ஆய்வுத் துறையும் தியானத்தை வகுப்பறைக்குள்ளேயே கொணர்ந்தன. பிரவுனில் ஹரால்டு ராத், பயிற்சி செய்பவன் தன் அனுபவத்தை நம்பிக்கைக் கட்டின்றிச் சோதிக்க வேண்டும் என வற்புறுத்துகிறார். சந்தையையும் காலட்சேபத்தையும் அறிந்தோர்க்கு இது முற்றிலும் புதிதன்று. 'நம்பிக்கைக் கட்டின்றி' என்பதே புதிது.

உண்மையான இடர்ப்பாடும் அங்கேதான் உள்ளது. மரபுப் பயிற்சி தன் வாயிலில் பிறப்பையும் பாலையும் கேட்டு வந்துள்ளது. பல்கலைக்கழகம் அவ்வாறு கேட்கலாகாது. சமயநம்பிக்கை இல்லாத மாணவியும், வேற்றுச் சமய மாணவனும் ஆறாம் பத்தைச் சந்தை முறையில் கற்க உரிமையுடையர்; கற்க மறுக்கவும் உரிமையுடையர். மறுப்போர்க்கு மதிப்பெண் குறையாத மாற்றுப் பாடம் வேண்டும். கற்போரிடம் நம்பிக்கையைச் சோதிக்காமல், அந்தாதித் தொடர்ச்சியைப் பற்றி ஓதுதல் அவர்க்கு என்ன காட்டியது என்பதைத் தேர்வு கேட்க வேண்டும். இத்தகைய தாளொன்றைத் திருமலைப் பாசுரங்களைப் பாடமாகக் கொள்ளும் எந்தத் தமிழ்த்துறையும் அமைக்கலாம். 28ஆம் உறுப்பு அதற்குத் தடையாகாது. அதனைக் கற்பிக்க, பட்டமில்லாத ஓதுவாரையும் ஓதாத பேராசிரியரையும் ஒரே வகுப்பில் நிறுத்த நியமன விதிகள் இடந்தருமா என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டியது.