காட்டுப் படங்களும் துணை முகங்களும்: சிறுமுதலீட்டுத் தமிழ் சாகசப் படங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

கரிசல் வட்டாரத்தில் 'காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் புலியைப் பார்க்கப் போகவில்லை. பருத்திக்கோ கம்புக்கோ களையெடுக்கப் போகிறார் என்று பொருள். இங்கே புன்செய் நிலத்துக்குப் பெயரே காடு. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலில், வந்து குடியேறியவர்கள் காட்டை அழித்து விளைநிலமாக்கியதை விரிவாக எழுதியிருக்கிறார். அழிந்த காட்டின் பெயர் மட்டும் நிலத்தில் தங்கிவிட்டது. மரமடர்ந்த காட்டைப் பார்த்திராத இவ்வூர்க்காரர்களுக்கு யானை, சிறுத்தை, தொங்கும் கொடி, மலையருவி ஆகிய எல்லாவற்றையும் முதலில் காட்டியது டூரிங் டாக்கீஸ்தான். ஆகவே அந்தத் திரை எந்தக் காட்டைக் காட்டியது, அதில் யாரை மனிதராகக் காட்டியது என்ற கேள்வி எங்களுக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

தொடக்கம்: வனராஜா கார்சன்

தமிழின் முதல் காட்டு சாகசப் படமாகக் கருதப்படுவது 'வனராஜா கார்சன்' (1938). பம்பாய் வாடியா மூவிடோன் நிறுவனத்தின் ஹோமி வாடியா இயக்கினார். முந்தைய ஆண்டு அவர் இந்தியில் 'தூஃபானி டார்சன்' எடுத்திருந்தார். டார்சன் என்ற பெயரின் முதல் எழுத்தை மாற்றியதும் தமிழுக்குக் கார்சன் கிடைத்துவிட்டான். உடற்பயிற்சி வீரரான ஜான் காவஸ் நாயகன், கே. ஆர். செல்லம் நாயகி.

இவ்வகைப் படத்தின் சிக்கனம் கதையிலேயே தொடங்குகிறது. காட்டில் வளர்ந்தவனுக்கு நீண்ட வசனம் வேண்டாம்; பட்டாடை, அரண்மனை எதுவும் வேண்டாம். புராணப் படத்துக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி மிச்சம். ஆனால் நாயகன் பேசாதபோது கதையை யார் நகர்த்துவது? காட்டுக்குள் வரும் பணக்காரர், பேராசைக்காரர், வழிகாட்டி, பயந்தாங்கொள்ளி வேலைக்காரன் ஆகியோர்தாம் பேச வேண்டும். ஆக, இவ்வகைப் படங்களில் குணச்சித்திர நடிகர் தோளில் விழும் சுமை மற்றப் படங்களைவிட அதிகம். இதை நம் விமர்சகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

கம்பளி போர்த்திய யானைகள்

1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் கூட்டாக எடுத்த படம் ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. இயக்கம் வில்லியம் பெர்க். ராட் காமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகிய அமெரிக்க நடிகர்களுடன் எம். என். நம்பியாரும் நடித்தார். யானைக் கூட்டங்கள் ஊர்களை மிதித்து ஓடுகின்றன. காரணம் தேடி ஒரு குழு காட்டுக்குள் போகிறது. அழிந்துபோனதாக நம்பப்பட்ட மாமூத் என்னும் சடை யானைகள்தாம் காரணம் என்று இறுதியில் தெரிகிறது. அந்த மாமூத்கள் நம்மூர் யானைகளே. மேலே முடி போர்த்திவிட்டிருந்தார்கள்.

இன்று பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் மாமூத் கண்ணில் படும்வரை படத்தைத் தாங்குவது எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மிருகத்தையும் மனிதரையும் ஒரே சட்டகத்தில் காட்டப் பணமும் வசதியும் இல்லாத படத்தில், மிருகத்தைத் தனியாக எடுப்பார்கள், மனித முகத்தைத் தனியாக எடுப்பார்கள், இரண்டையும் ஒட்டுவார்கள். ஓட்டு சரியாக விழுந்தால் புலி பாய்வதுபோல் இருக்கும், இல்லாவிட்டால் புலி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று நிற்கும். அதைச் சேர்த்து வைப்பது பார்க்கும் கண்தான். எதிரே ஒன்றுமில்லாத வெட்டவெளியைப் பார்த்து, அங்கே யானை நிற்கிறது என்று நம்மை நம்பவைப்பது எளிய வேலை அன்று. 'திகம்பர சாமியார்' (1950) படத்தில் பதினோரு வேடங்களையும் அதே ஆண்டு 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவையும் நடித்துக் காட்டிய நம்பியார் போன்ற நாடகமேடை ஆட்கள் இதற்குப் பொருத்தமானவர்கள். மேடையில் இல்லாத கோட்டையை இருப்பதாகப் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

சின்னப்பா தேவர் மாற்றிய முறை

ஒட்டுவேலையை விட்டு, மிருகத்தையே நடிகராக்கியவர் சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவர். அவரே துணைநடிகராக இருந்து வந்தவர். 'ராஜகுமாரி' (1947) படத்தில் எம்.ஜி.ஆருடன் மோதும் முரட்டு ஆளாக வந்தவர். தயாரிப்பாளரான பின் 'தாய்க்குப்பின் தாரம்' (1956) முதல் 'நல்ல நேரம்' (1972) வரை எம்.ஜி.ஆரை வைத்து 16 படங்கள் எடுத்தார். தம்பி எம். ஏ. திருமுகம் இயக்குநர். குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடிக்கும் கண்டிப்பு தேவருடையது.

அவர் யானையை வைத்து எடுத்த 'தெய்வச் செயல்' (1967) ஓடவில்லை. அதே கருவை இந்தியில் ராஜேஷ் கன்னாவை வைத்து 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) என எடுத்தார். வடக்கே பெரும் வெற்றி. பிறகு அதுவே எம்.ஜி.ஆருடன் 'நல்ல நேரம்' ஆகித் தமிழுக்குத் திரும்பியது. தோற்ற கதையை விட்டுவிடாமல் திருத்தி எழுதிய இந்தப் பிடிவாதத்தை மாணவர்களுக்கும் சொல்லலாம்.

எனினும் ஒரு இழப்பும் இங்கே நேர்ந்தது. யானை அழத் தொடங்கியதும் துணைநடிகர்களுக்கு வேலை குறைந்தது. முன்பு காட்டின் அச்சத்தை முகத்தில் ஏந்திவந்த வில்லன், இப்போது யானையிடம் அடிவாங்க வருபவனாகச் சுருங்கினான். நகைச்சுவை நடிகர் குரங்குக்குப் பக்கவாத்தியம் ஆனார். பிள்ளைகளுக்குப் பிடித்தது, நடிப்புக்கு நட்டம்.

முகத்தில் பூசிய கரி

இவ்வகைப் படங்களின் உண்மையான குறை கம்பளி மாமூத் அன்று. காட்டில் வாழும் மனிதரைக் காட்டிய விதமே. உடம்பெல்லாம் கரி, இடுப்பில் தழை, தலையில் இறகு, கையில் ஈட்டி, வாயில் பொருளற்ற கூச்சல்: இதுதான் நாம் பார்த்துப் பழகிய காட்டுவாசி. அந்த வேடத்தைக் கட்டியவர்கள் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலில்கூட வராத துணைநடிகர்கள். அவர்கள் மீது பழி இல்லை. கூலி வாங்கிக் கரி பூசிக்கொண்டார்கள்.

ஆனால் விளைவு சிறிதன்று. இங்கிருந்து மேற்கே பார்த்தால் தொடர்ச்சி மலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் பளியர்களும் பாபநாசம் மலையில் காணிக்காரர்களும் வாழ்கிறார்கள். தேன் எடுக்கவும் மூலிகை அறியவும் தெரிந்தவர்கள். நமக்குப் புரியும் தமிழ் பேசுகிறவர்கள். நான் வகுப்பில் பழங்குடியினர் பாடம் எடுத்தபோது, பிள்ளைகள் வாயில் கைதட்டிக் கூச்சலிட்டுக் காட்டினார்கள். எந்தப் பாடநூலும் அதைக் கற்றுத் தரவில்லை, திரைதான் கற்றுக்கொடுத்தது. ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இருக்கும் மனிதரை ஆப்பிரிக்காவைப் பற்றிய ஹாலிவுட் கற்பனையின் நகலாகப் பார்க்க வைத்தது இப்படங்களின் தீங்கு.

வேட்டைக்காரன் என்ற சொல்

1964 பொங்கலுக்கு வந்த தேவரின் 'வேட்டைக்காரன்' படத்தில் துப்பாக்கி ஏந்துவது நாயகனுக்குப் பெருமை. 'நல்ல நேரம்' வெளிவந்த 1972ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2009இல் விஜய் நடித்து அதே தலைப்பில் வந்த படத்தில் காடும் இல்லை, வேட்டையும் இல்லை. பெயர் வெறும் அடைமொழி ஆகிவிட்டது. விலங்குகளை நடிக்கவைக்க இன்று முன் அனுமதி வேண்டும். இது நல்ல மாற்றமே. அன்று சங்கிலியிலும் அங்குசத்திலும் பழக்கப்பட்ட யானைகளின் வேதனையை நாம் கைதட்டி ரசித்தோம் என்பதையும் சேர்த்தே இப்படங்களை மதிப்பிட வேண்டும்.

மதிப்பீடு

இப்படங்களைக் கலைப்படைப்புகள் என்று தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை; குப்பை என்று ஒதுக்கவும் வேண்டாம். கதை இரவல், காடு பாதி அரங்கம், மிருகம் பாதி ஒட்டுவேலை. நடிப்பு மட்டும் சொந்தச் சரக்கு. 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதிகள் அழிந்துவிட்டன. பாட்டுப் புத்தகங்களும் விளம்பரத் தாள்களுமே பல படங்களுக்கு மிச்சம். அவற்றில் நாயகன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களையும் படித்து, யார் எந்த வேடம் என்று குறித்துவைப்பது இனி நம் பொறுப்பு. வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் கிடந்தால் எடைக்குப் போடும் முன் கடைசிப் பக்கம்வரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.