தமிழ் விசைப்பலகை: நியமமும் பயில்வோரும்

தமிழ்த் தட்டச்சு பற்றிய வாதங்கள் பெரும்பாலும் எந்த விசையமைப்புச் சிறந்தது என்பதோடு நின்றுவிடுகின்றன. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினியில் ஒவ்வொருவரும் தாம் பழகிய அமைப்பில் எழுத இயலுமா என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பல்கலைக்கழகக் கணினிக் கூடங்களைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான வினா.

சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூர் சென்ற ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சுப் பொறியில் எழுத்தும் விசையும் உலோகத்தாற் பிணைக்கப்பட்டிருந்தன. விரலே பொறிக்கு இணங்கவேண்டியிருந்தது. கணினி இப்பிணைப்பை அறுத்தது. விசை அனுப்புவது ஓர் எண் மாத்திரமே. அதற்குரிய எழுத்து எதுவென மென்பொருளே தீர்மானிக்கின்றது. பத்துப் பேர் பத்து அமைப்புகளில் எழுதினும் யுனிகோட்டில் சேமிக்கப்படும் எழுத்து ஒன்றேயாகலாம்.

நியமம் பற்றிப் பேசுவோர் இவ்வேறுபாட்டைப் போதியளவு வற்புறுத்துவதில்லை. 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 அமைப்பை ஏற்றது. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326:2008 நியமம் ரெங்கநாதன் அமைப்பைக் கொண்டது. அச்சகங்களில் வேரூன்றியதோ பாமினி. ‘கொ’ என எழுதப் பாமினியிற் கொம்பு, ககரம், அரவு என மூன்று விசைகள், கண் காணும் வரிசையில். தமிழ்99இற் ககரமும் ஒகரமும் என இரண்டே, செவி கேட்கும் வரிசையில். ஆயின் ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு இரண்டிலும் ஐந்து விசைகளே வேண்டும். ஒன்றிற் பழகியவர் மற்றொன்றில் தடுமாறுவது அறியாமையன்று. பாமினி எழுத்துருவிற் சேமித்த கோப்பின் உள்ளே இருப்பவை இலத்தீன் எழுத்துக்குறிகள் என்பது மெய். அக்குறை எழுத்துருவினது, விசையமைப்பினதன்று.

கோமாரியிலோ கல்முனையிலோ பாமினி பழகி உயர்கல்விக்குச் செல்லும் மாணவர், பொதுக் கணினியில் அவ்வமைப்பு இல்லையெனில் என்செய்வார்? கட்டுரையைக் கையால் எழுதிக் காசு கொடுத்துத் தட்டச்சுச் செய்விப்பார். அல்லது ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையை நாடுவார். பின்னதில் ரகர றகரங்களைப் பிரித்தறியவும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் துணை வேண்டியிருக்கும். முன்னது இன்னும் கேடானது. பக்கத்துக்கு இவ்வளவென விலை கொடுப்பவர் ஒரு பந்தியை மாற்றி எழுதத் தயங்குவார். திருத்தப்படாத முதற்படியே ஆய்வுக் கட்டுரையாகிவிடும்.

விண்டோசில் ஏற்கெனவே நிறுவப்பட்ட அமைப்புகளுள் ஒன்றைத் தெரிவது பயனர்தோறும் தனித்தனியே அமையும். ஒருவர் தமக்கென ஆக்கிய அமைப்பை அங்கு நிறுவுதற்கு நிருவாகியின் அனுமதி வேண்டும். மக்கின்தொசிலோ பயனர் தம் சொந்தக் கோப்புறையிலேயே அதனை இட்டுக்கொள்ளலாம். எல்லோரும் ஒரே பெயரில் நுழையும் கூடத்தில் இவ்வசதிகளாற் பயனில்லை. ஒருவர் மாற்றியது அடுத்தவருக்கு இடையூறாகும். மாற்றங்களைத் தடைசெய்வோர் கூறும் காரணம் இது. காரணம் பொய்யன்று. எனினும் அதற்குப் பரிகாரம் தனித்தனிக் கணக்குகளேயன்றித் தடையன்று.

புதிதாகப் பயில்வோருக்கு நியம அமைப்பையே கற்பித்தல் முறை. அலுவலகங்கள் தோறும் அவர்கள் தம் அமைப்பைச் சுமந்து செல்ல இயலாது. ஏற்கெனவே பழகியவரைத் தடுப்பது வேறு காரியம். ரெங்கநாதன், தமிழ்99, பாமினி ஆகிய மூன்றையும் யுனிகோட்டில் எழுதும் வகையில் நிறுவிவைப்பது நிருவாகிக்குப் பெருஞ்சுமையன்று. பாமினி எழுத்துருவிற் கிடக்கும் பழைய கோப்புகளை மாற்றுவதே நெடுநாள் வேலை. அதனையும் இதனையும் ஒன்றெனக் குழப்புதல் ஆகாது.