நன்கணியார் கேட்ட இரு பறை

புறநானூற்று 194-ஆம் பாட்டில் ஒரு மனையில் சாப்பறை. மற்றொரு மனையில் மணமுழவு. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார், துறை பெருங்காஞ்சி. பிரிஞ்சாங் தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவிற்கு உரை வேண்டா. சுவருக்கு அப்பால் கேட்பதே உரை. பிற்பகுதியில்தான் இடர்ப்பாடு.

உரோமப் பேரரசன் மார்க்கசு அரேலியசின் (121–180) ஸ்டாயிக் சிந்தனைகளோடு இதனை ஒப்பிடல் எளிது, முழுதும் பொருந்தாது. அவன் இயற்கையின் ஒழுங்கை நன்றென ஏற்று அமைகிறான். நன்கணியாரோ படைத்தவனையே கடிகிறார். உலகம் கொடிதென்று கூறிய பின்னரே, அதன் இயல்பறிந்தோரை இனியவற்றைக் காணச் சொல்கிறார். அவ்வினியவை வீட்டின்பமே என்பாரும் உளர். அங்ஙனமாயின், சாப்பறையோடு மணமுழவையும் புலவர் ஒலிக்கவிட்டது எதற்கு? நிலையாமை என்ற ஒரு சொல்லோடு பாடத்தை முடிக்கும் ஆசிரியர் அம்முழவைக் கேட்டிலர்.