மாறுவதும் நிலைப்பதும்: ஷெல் நிரலை ரசிக்கும் முறை

ஆடிப்பெருக்கன்று பூஜையிட்டு அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடும் சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்தில், முருகன் படமும் லக்ஷ்மி படமும் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோல் அச்சாகி, கடைப் பெயருக்கு மட்டும் வெற்றிடம் விடப்பட்டிருப்பதைக் கண்டவர்கள், ஷெல் ஸ்கிரிப்டில் மாறி என்பதன் தத்துவத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டவர்களே ஆவர். தட்டச்சு செய்த கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் ஷெல்லில், மாறும் மதிப்புக்குப் பெயரிட்டு ஒதுக்கிய இடமே மாறி.

நிரலை ரசிக்கப் புகுவோர் முதலில் அதன் முகப்பை நோக்க வேண்டும். ஆண்டு, கடைப் பெயர், கோப்புறை ஆகிய மாறும் விஷயங்களை முகப்பிலேயே பெயரிட்டு வைத்து, கீழே அப்பெயர்களை டாலர் குறியோடு அழைக்கும் நிரலில், ஆண்டு பிறந்தால் ஒரு வரியைத் திருத்தினாலே காரியம் முடியும். நித்தியம் எது, அநித்தியம் எது என்று எழுதியவர் பகுத்த விவேகம் அங்கே பிரகாசிக்கிறது. எழுபதுகளில் பெல் ஆய்வுக்கூடத்து ஜான் மேஷியின் ஷெல்லில் மாறிகளுக்கு ஓரெழுத்துப் பெயரே வாய்த்திருக்க, 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வெளிவந்த ஸ்டீபன் பூர்னின் ஷெல் பொருள் விளங்கும் பெயர்களுக்கு இடமளித்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் என்னும் ஷெல் அம்மரபையே தொடர்ந்தது.

அடுத்து, மேற்கோள் குறிகள். இடைவெளி கண்ட இடத்தில் சொல்லைப் பிரிப்பது பாஷின் சுபாவம். ஆதலால் மாறிக்கு மதிப்பிடும் சமக்குறியின் இருபுறமும் இடம் விடலாகாது. விட்டால் மாறியின் பெயரையே கட்டளையென்று கருதித் தேடும். 'தினசரி காலண்டர்' என்ற கோப்பின் பெயர் தாங்கிய மாறியை இரட்டை மேற்கோளின்றி அழைத்தால், தினசரி வேறு, காலண்டர் வேறு என்று இரு கோப்புகளை நாடும். இரட்டைக் குறிக்குள் பெயர் சிதையாது. ஒற்றைக் குறிக்குள்ளோ டாலரும் வெறும் எழுத்தாகவே நிற்கும்.

உத்தமமான நிரலை இனங்காட்டுவது வெறுமையை அது எதிர்கொள்ளும் விதம். அழிக்கும் கட்டளையில் கோப்புறையின் பெயர் வெறுமையாகி, அதைத் தொடரும் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் மட்டும் எஞ்சுமாயின், கணினியின் மூலக் கோப்புறையில் உள்ளவையே அழிவுக்கு இலக்காகும். இதனை முன்னுணர்ந்தவர், நெளிவு அடைப்புக்குள் பெயரையடுத்து முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இட்டு, மதிப்பில்லையேல் நிரல் அங்கேயே நின்றுவிடச் செய்வார்.

ஆகவே, நிரலொன்று கையில் கிடைத்தால், இயங்குகிறதே என்று திருப்தியுறாமல், பெயர், குறி, காவல் ஆகிய மூன்றையும் நிதானமாக வாசியுங்கள். பின்னொரு நாள் அதைத் திருத்த வரும் முகமறியாத ஒருவரிடம் எழுதியவர் கொண்ட அக்கறை அவற்றில்தான் புலனாகும்.