பிறெக்றின் நாடகத் தலைவர்களும் அறத்தீர்ப்பும்

காப்பியத் தலைவன் தன்னிகரற்றவனாக அமைதல் வேண்டும் என்பது எமது அணியிலக்கண மரபு வகுத்த விதி. நவீன இலக்கியம் இவ்விதியை மீறியே வளர்ந்தது. ஆயினும், முற்போக்கு விமர்சனத்தின் ஒரு பகுதி அதனைப் புதிய வடிவிற் பேணி வந்தது எனல் மிகையன்று. மன்னன் இருந்த இடத்திற் குறையற்ற தொழிலாளியை நிறுத்திய அவ்விமர்சனம், தடுமாறும் தலைவனைக் கண்டவிடத்து நசிவிலக்கியம் என ஒதுக்கிற்று. இந்நோக்கின் பொருத்தப்பாட்டினை, மார்க்சியவாதியான பேர்டோல்ட் பிறெக்ற் படைத்த இரு பாத்திரங்களைக் கொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

முதலாவது கலிலியோ. பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்ற தன் கொள்கையை 1633இல் மதவிசாரணையின் முன் கைவிட்ட அறிஞனைப் பிறெக்ற் 1938-39இல், டென்மார்க்கில் அகதியாக வாழ்ந்தபோது, நாடகமாக்கினார். அவ்வடிவில், பணிந்துபோய் மறைவில் ஆய்வினைத் தொடரும் தந்திரமே முதன்மை பெற்றது. பாசிசத்தின் கீழ் உண்மையைக் காக்க விழைந்தோருக்கு அது ஒரு வழியாகத் தோன்றியிருத்தல் இயல்பே. 1945இல் ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீழ்ந்தது. நடிகர் சார்ள்ஸ் லோற்றனுடன் இணைந்து பிறெக்ற் திருத்தியமைத்து, 1947இல் அமெரிக்காவில் மேடையேறிய வடிவில் கலிலியோ தன்னைத்தானே குற்றவாளியாகக் காண்கிறான். அறிவை அதிகாரத்திடம் ஒப்படைத்தவனாகிறான். செயல் மாறவில்லை; அதனை அளக்கும் வரலாறு மாறிற்று. மேலும், உணவிலும் சிந்தனையிலும் அவனுக்குள்ள வேட்கை ஒன்றே. அவனை அறிஞனாக்கிய புலனின்ப நாட்டமே சித்திரவதைக்கு அஞ்சவும் வைக்கிறது. குணத்தையும் குற்றத்தையும் இங்கு எளிதிற் பிரித்தல் இயலாது.

இரண்டாவது, 1944இல் எழுதப்பட்ட 'கோக்கேசிய வெண்கட்டி வட்ட'த்தின் அஸ்டாக். 1967இல் ஹென்றி ஜயசேன 'ஹுணுவட்டயே கத்தாவ' எனச் சிங்களத்தில் மேடையேற்றி, இப்பாத்திரத்தைத் தாமே ஏற்று நடித்தமையால், இலங்கை வாசகருக்கு இது அந்நியமானதன்று. அஸ்டாக் இலஞ்சம் பெறுபவன், கோழை, சட்டநூலை ஆசனமாக்கி அதன்மேல் அமர்பவன். எனினும், பெற்றவளை விடுத்து வளர்த்தவளிடமே குழந்தையைச் சேர்ப்பிக்கிறான். நேர்மையான நீதிபதி ஒருவர் சட்டத்தை வழுவாது பின்பற்றியிருப்பின், ஆளுநரின் மனைவியே வென்றிருப்பாள். சட்டமே ஒரு வர்க்கத்தின் கருவியாயிருக்கையில் தனிமனித நேர்மை மட்டும் நீதியாகிவிடாது என்பதை இப்பாத்திரம் உணர்த்துகின்றது. எனினும், அஸ்டாக்கின் நீதி ஆட்சி குலைந்த குறுகிய இடைவெளியிலேயே சாத்தியமாயிற்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இவ்விரு பாத்திரங்களையும் பேர்லினர் ஓன்சோம்பிள் அரங்கில், முறையே 1957இலும் 1954இலும், ஏர்ன்ஸ்ற் புஷ் என்னும் ஒரே நடிகர் தாங்கினார். பிறெக்றின் நடிப்புமுறையில் நடிகன் பாத்திரத்துட் கரைந்துவிடுவதில்லை. ஒத்திகையின்போது தன் கூற்றுகளைப் படர்க்கையிலும் இறந்தகாலத்திலும் சொல்லிப் பழகுவது அம்முறையின் பயிற்சிகளுள் ஒன்று. வேடம் புனைவோன் அவ்வேடத்தைச் சற்று விலகி நின்று காட்டும்போது, 'இவன் வேறுவிதமாகச் செயற்பட்டிருக்க முடியாதா?' என்ற வினா பார்வையாளரிடத்து எழுகின்றது. தலைவனிடமிருந்த அறத்தீர்ப்பு அவையோரிடம் கைமாறுகின்றது.

எனவே, அறநிலைத் தடுமாற்றம் யாவும் நசிவன்று, யாவும் ஆழமுமன்று. கொடுமையை அழகுபடுத்தி, எல்லோரும் இப்படித்தான் என்று முடிக்கும் எதிர்த்தலைவன், உள்ள நிலைமைக்கே அரண் செய்கிறான். எந்நிலைமைகள் இம்மனிதனை இவ்வாறு ஆக்கின, அவை மாற்றத்தக்கனவா என்று வினவச் செய்பவனோ எம்மைச் சிந்திப்போராக மதிக்கிறான். குறையற்ற தலைவனை வேண்டிநிற்கும் விமர்சனம், தான் விடுவிக்க விரும்பும் மக்களிடமிருந்தே தீர்ப்பு வழங்கும் உரிமையைப் பறித்துவிடுகின்றது. முற்போக்கு விமர்சனம் இதனை உணர்தல் அவசியமாகும்.